ரெண்டும் சிவப்பு

ஆடி 18, சனி

பூபதி காலையில் வந்து சேர்ந்தான். நாசிக்குக்கு ஜவ்வரிசி ஏற்றிப் போன வண்டி, வெங்காயத்தோடு திரும்பி சேலம் மண்டியில் இறக்கிவிட்டு வந்திருக்கிறது. பெருக்குக்கு வந்துவிடுவேன் என்றான், வந்துவிட்டான். என் பேரன் சொன்ன சொல் தப்பமாட்டான். அவன் அப்பன் அப்படி இல்லை. என் வயிற்றில் பிறந்தவன்தான், ஆனால் பெண்டாட்டி செத்து வருஷம் திரும்புவதற்குள் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு, எட்டு வயசுப் பையனை என்னிடம் விட்டுவிட்டு ஓசூருக்குப் போனவன். ஆவணியில் கல்யாணத்துக்கு வருவானாம். வரட்டும். பந்தியில் அவன் இலைக்கு அப்பளம் வைக்கிறேனா பார்.

அரிசியும் வெல்லமும் ஆட்டிக் கச்சாயம் சுட்டு வைத்திருந்தேன். ஒன்றை எடுத்துப் பாதி கடித்துவிட்டுக் கீழே வைத்தான். பத்துத் தின்கிறவன். போன் அடித்தது, அமுக்கினான். மறுபடி அடித்தது. எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போனான், பேசாமலே திரும்பி வந்தான்.

"யாரு கண்ணு?"

"புரோக்கர் ஆபீஸ், அப்பத்தா. லோடு வேணுமான்னு கேக்கறாங்க."

லோடு கேட்கிறவனுக்கு எதற்கு முகம் வெளுக்க வேண்டும்?

பூ கட்டி வீட்டுக்காரர் படத்துக்குப் போட்டேன். பக்கத்தில் மாமியார் படம். அதற்குப் போடவில்லை. அவள் செத்த நாளிலிருந்து போட்டதில்லை. கேட்கிறவர்களிடம் ஆணி எட்டவில்லை என்று சொல்லிவிடுவேன். ரெண்டு படமும் ஒரே உயரத்தில்தான் இருக்கின்றன.

எட்டு மணிக்கு என் போன் கூவியது. மாத்திரை போட்டேன். சக்கரை மாத்திரை.

ஆடி 19, ஞாயிறு

வாசல் கூட்டினேன். மறுபடி கூட்டினேன். உட்கார முடியவில்லை.

ஆடி 20, திங்கள்

பத்திரிகை அச்சடித்து வந்தது. ஆவணி 26, வியாழன். மஞ்சள் தடவி முதல் பத்திரிகையைச் சாமிக்கு வைத்தேன். பெண் வீட்டார் பெயர் பெரிய எழுத்திலும் எங்கள் பெயர் சிறிய எழுத்திலும் இருப்பதைப் பார்த்தேன். இது மணிமேகலை வேலைதான். பெண்ணின் அம்மா. நிச்சயம் பண்ணி உப்புச் சர்க்கரை மாற்ற வந்த அன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் மேலே பார்த்து, "ஓடு இன்னும் மாத்தலீங்களா?" என்று கேட்டவள். அவள் தலையில் இடிந்து விழுந்ததா என் ஓடு?

பெண் பரவாயில்லை. ஜீவிதா. டவுனில் மருந்துக் கடையில் நிற்கிறாள். சத்தம் போட்டுச் சிரிக்கமாட்டாள், கண்ணைப் பார்த்துப் பேசுவாள். அன்றைக்குத் தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தவள் அலமாரியை ஒரு நிமிஷம் பார்த்தாள். அழுக்காக இருக்கிறதோ என்று எனக்குச் சங்கடமாகப் போயிற்று.

பூபதி குளிக்கப் போயிருந்தான். போன் கட்டிலில் கிடந்து அடித்துக்கொண்டே இருந்தது. ரெண்டு நாளாக அமுக்கி அமுக்கி வைக்கிறான். எடுத்தேன்.

"பூபதி, கட் பண்ணாதே. ஒரு மாத்து மட்டும் கேளு." பெண் குரல். கன்னடம் கலந்த தமிழ். "நாகவேணி பேசறேன். எங்களுக்கு ரத்தம் பாக்கற அக்கா வந்தாங்க. எனக்கு அந்தக் காயிலை இருக்கு. எச்.ஐ.வி. மத்தவங்க எல்லாரும் உறை போட்டுத்தான் வருவாங்க. நீ ஒருத்தன்தான் போடாதவன். போய் ரத்தம் பாரு. கல்யாணம் இருக்குன்னு சொன்னியே, அதுக்கு முன்னாலே பாரு. கேக்குதா?"

குளிக்கிற கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"பூபதி?"

"நான் அவன் அப்பத்தா."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அம்மா, என்னை என்ன வேணும்னாலும் திட்டு. ஆனா அவனுக்குச் சொல்லிரு. அந்தப் பொண்ணுக்காகவாவது சொல்லிரு."

வைத்தாள். நான் போனை இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே வைத்தேன். குழம்பில் உப்பு ரெண்டு தடவை போட்டிருக்கிறேன்.

ஆடி 21, செவ்வாய்

வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி அடியில் படுத்து கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தான். கால் மட்டும் வெளியே தெரிந்தது. நான் கால்களிடம் பேசினேன்.

"நாகவேணி கூப்பிட்டா."

உள்ளே ஸ்பேனர் விழுந்த சத்தம். பிறகு ஊர்ந்து வெளியே வந்து, டயரில் சாய்ந்து உட்கார்ந்தான். முகத்தில் கிரீஸ்.

"நான் எப்பவும் நிரோத் போட்டுக்குவேன் அப்பத்தா. சத்தியமா. லாரிப்பேட்டையில டப்பா டப்பாவா சும்மாவே குடுக்கறாங்க. கேபின்ல இருக்குது, வேணும்னா ஏறிப் பாரு."

"நான் ஏறிப் பாத்து என்ன பண்ண? அவகிட்டப் போறப்ப போட்டியா?"

தரையைப் பார்த்தான்.

"அவ அப்படி இல்ல அப்பத்தா. மத்த இடம் மாதிரி இல்ல. போனா முதல்ல சோளரொட்டி சுட்டுப் போடுவா. போன மழைக்கு எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ரெண்டு நாள் கஷாயம் வெச்சுக் குடுத்து, நெத்தியில துணி நனைச்சுப் போட்டா. அவகிட்டப் போய் அதை எடுத்து மாட்டுனா, உன்னை நம்பலைன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்காதா?"

"ஏன்டா, போகத்தான் வேணுமா?"

"இஞ்சின் சூடு அப்பத்தா. ராத்திரி பகலா அதும்மேல உக்காந்தா ஒடம்புல ஏறிக்குது. எல்லா டிரைவரும் சொல்றதுதான்."

"எண்ணெய் தேச்சுக் குளிச்சா எறங்காதா உன் சூடு?"

"முடிஞ்சதும் எலுமிச்சம்பழம் பிழிஞ்சு கழுவிக்குவேன். எதுவும் வராது."

"எலுமிச்சம்பழம் சக்கரத்துக்கு வைக்கறதுடா!"

கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "பேரனை என்னத்துக்குங் வையறீங்க?" என்றாள். வண்டி கழுவச் சொன்னேன், கழுவமாட்டேங்கறான் என்றேன்.

கடைசியாக எப்போது போனான் என்று கேட்டேன். ஆனி முடிகிற வாரத்தில் என்றான். உப்புச் சர்க்கரை மாற்றி முடித்த பிறகு. கல்யாணம் ஆகப் போகிறது, இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வரத்தான் போனானாம்.

ஆடி 23, வியாழன்

கை ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. விளக்கின பாத்திரத்தை விளக்குகிறேன். மெயின் ரோடு வரைக்கும் நடந்து போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

ஒன்றை இத்தனை வருஷமாக எழுதவில்லை. டயர் கடைக்காரர் வருஷா வருஷம் டைரி கொடுக்கிறார். மூணாங்கிளாஸ் படிப்பை வைத்துக்கொண்டு பால் கணக்கு, கோழி அடை வைத்தது, யார் என்ன சொன்னார்கள், எல்லாம் எழுதுகிறேன். இதை எழுதவில்லை.

வீட்டுக்காரர் இளைத்துக்கொண்டே போன வருஷம் அது. மாமியார் அவரைக் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். என்னை வரவேண்டாம் என்றாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி ரெண்டு பேரும் வருகிறார்கள். அவர் யாரையும் பார்க்காமல் உள்அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். மாமியார் கால் கழுவினாள். முந்தானையில் முகம் துடைத்தாள். மருந்துச் சீட்டை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். டி.பி. என்றாள்.

அப்புறம் பாலைக் காய்ச்சி, ஆற்றி, சொம்பில் ஊற்றி என் கையில் கொடுத்தாள். "பாவாயி, உள்ளே கொண்டு போய்க் குடு. பக்கத்துல படுத்துக்க. தனியாப் படுத்தா பயந்துக்குவான்."

அவளுக்குத் தெரியும். டாக்டர் அவளிடம்தான் சொல்லியிருக்கிறார், சம்சாரத்தைத் தள்ளிப் படுக்கச் சொல்லுங்கள் என்று. அவர் சாகும்போது என்னிடம் சொல்லி அழுதார். நான் மாமியாரிடம் கேட்டேன். "சாமி பாத்துக்கும்னு இருந்தேன்" என்றாள்.

சொம்பு வெண்கலம். கைக்குச் சுட்டது. இன்னும் சுடுகிறது.

இப்போது என் வீட்டிலும் ஒருவனுக்கு ஒரு நோய் இருக்கலாம். எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. பாலைக் காய்ச்சிக் கொடுக்க வேண்டிய இடத்தில் நான் நிற்கிறேன்.

ஆடி 27, திங்கள்

டவுன் ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. பார்க்கிற நம்பிக்கை மையத்துக்குக் கூட்டிப் போனேன். பூபதி தொப்பி போட்டுக்கொண்டு, துண்டால் வாயை மூடிக்கொண்டு வந்தான். தூசி என்றான். பெஞ்சில் இன்னும் மூணு பேர் அதே மாதிரி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் தூசி போலிருக்கிறது.

ஆலோசனை சொல்கிற எஸ்தர் சிஸ்டர் என்னைப் பார்த்ததும், "அடடே, வாங்கம்மா, உங்களுக்கு அடுத்த மாசம்தானே…" என்று ஆரம்பித்தாள். நான் இருமினேன். கெட்டிக்காரி, நிறுத்திக்கொண்டாள். "பேரனுங்களா?" என்றாள்.

அவனை மட்டும் உள்ளே உட்காரவைத்துப் பேசினாள். ரத்தம் எடுத்தார்கள். சோறு வேளைக்குள் சொல்லிவிட்டார்கள். இல்லை என்று வந்திருக்கிறது.

அவன் துண்டை எடுத்துவிட்டுச் சிரித்தான். ஆடி 18க்கு வந்ததிலிருந்து இன்றைக்குத்தான் சிரிக்கிறான்.

எஸ்தர் சிரிக்கவில்லை. "தம்பி, இது இன்னைக்கு நிலவரம் மட்டும்தான். ஒட்டியிருந்தாலும் ரத்தத்துல காட்டறதுக்குக் கொஞ்ச காலம் ஆகும். கடைசியாப் போனதுல இருந்து மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை வந்து பாக்கணும். அதுவரைக்கும் யாரோட இருந்தாலும் ஆணுறை இல்லாம இருக்கக்கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க சிஸ்டர்."

புரியவில்லை. பஸ்ஸில் வரும்போது ரெண்டு பரோட்டாப் பொட்டலம் வாங்கிக்கொண்டு பாட்டு முனகினான்.

ஆடி 28, செவ்வாய்

"ஐப்பசிக்குத் தள்ளி வைக்கலாம் கண்ணு."

"பத்திரிகை அடிச்சாச்சு அப்பத்தா! மண்டபம் சொல்லியாச்சு. இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்கல்ல?"

"மூணு மாசம்னு சொன்னாங்கல்ல?"

"அதுவரைக்கும் நிரோத் போட்டுக்கறேன். விடு."

நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்தேன்.

"ரோட்டுல போற வர்றவகிட்டப் போட்டே. ரொட்டி சுட்டுப் போட்டவகிட்டப் போடல. ஏன்னு கேட்டதுக்கு நம்பிக்கைன்னு சொன்னே. இவ நாளைக்குத் தாலி கட்டிக்கிட்டு வந்து, உனக்கு மூணு வேளையும் சோறாக்கிப் போட்டு, காய்ச்சல் வந்தா கண்ணு முழிச்சு உக்காந்திருப்பா. இவகிட்டப் போடுவியா நீ?"

ஒரு பூண்டுப் பல்லை எடுத்து விரலால் நசுக்கினான்.

"அவளே கேப்பா, எதுக்குங்கன்னு. என்னடா சொல்லுவே?"

எழுந்து வண்டிக்குப் போய்க் கதவை அடித்துச் சாத்திக்கொண்டான். நான் பூண்டை உரித்தேன். வேண்டியதைப் போல ரெண்டு மடங்கு உரித்துவிட்டேன்.

ஆவணி 1, ஞாயிறு

சோறு சரியாகத் தின்பதில்லை. தூங்குவதுமில்லை. இன்றைக்கு அவனாகவே வந்து என் காலடியில் உட்கார்ந்தான்.

"அப்பத்தா, தள்ளிப் போட்டரலாம். ஆனா ஜீவிதாகிட்டச் சொல்ல வேண்டாம். சொன்னா போயிருவா. நீ ஏதாச்சும் சாமி பேரைச் சொல்லேன். நீ சொன்னா எல்லாரும் கேப்பாங்க."

அதுதான் வழி என்று எனக்கும் தோன்றிற்று. எங்கள் பொன்னாயி கோயிலில் பூக் கேட்கிற வழக்கம் உண்டு. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு அரளி. இலையில் சுற்றிச் சாமி காலடியில் வைத்து, கல்யாணப் பெண் ஒன்றை எடுப்பாள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் சாமி பொறு என்கிறது. பொட்டலம் கட்டுகிறது மாப்பிள்ளை வீட்டு மூத்த பொம்பளை. நான்தான்.

வெள்ளிக்கிழமை பூக் கேட்க வேண்டும், எனக்குக் கெட்ட கனவு வருகிறது என்று மணிமேகலைக்குச் சொல்லியனுப்பினேன். "இத்தனை நாள் இல்லாம இப்ப என்னங் கனவு?" என்று கேட்டாளாம். கேட்பாள்.

ஆவணி 6, வெள்ளி

ரெண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளி வைத்தேன்.

சாமியிடம் சொல்லிவிட்டுத்தான் கட்டினேன். ஒரு உயிரைக் காப்பாற்றத்தான் உன் பேரைச் சொல்கிறேன், கோபமிருந்தால் என் மேல் காட்டு என்றேன்.

பெண் வீட்டில் வேன் பிடித்து வந்திருந்தார்கள். ஜீவிதா பச்சைப் புடவை கட்டியிருந்தாள். பூசாரி மணி அடித்தான். அவள் கண்ணை மூடி, ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தான்.

"சிவப்பு."

சரி, ஐப்பசிக்குத் தள்ளி வைப்போம், அவ்வளவுதானே என்று நான் வாயைத் திறப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"இந்தப் புள்ளை கை வெச்சாலே இப்படித்தான்" என்றாள் அவள் சித்தி ஒருத்தி. "போன வருஷமும் ஒரு எடம் உப்புச் சர்க்கரை வரைக்கும் வந்து தட்டிப் போச்சு."

"செவ்வாயை யாரும் சரியாப் பாக்கலையோ?"

"கட்டற பையனுக்கு ஏதாச்சும் ஆகும்னுதானே சாமி நிறுத்துது."

மணிமேகலை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பிடிக்காதவள்தான். ஆனால் அந்த அழுகை எனக்குத் தெரிந்த அழுகை. வீட்டுக்காரர் செத்த பதினாறாம் நாள் இதே மாதிரித்தான் நாலு பேர் உட்கார்ந்து, புருஷனை முழுங்கினவள் என்று என்னைச் சொன்னார்கள். யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று இப்போதும் சொல்வேன். மாமியாரும் உட்கார்ந்திருந்தாள். இல்லை என்று சொல்லவில்லை.

பூபதி கல்தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பூசாரி மிச்சப் பொட்டலத்தைக் கிணற்றில் போட எடுத்தான். "குடுங்க, நான் போடறேன்" என்று ஜீவிதா கை நீட்டி வாங்கிக்கொண்டாள். கிணற்றடிக்குப் போனாள். திரும்பி வரும்போது இடுப்பில் எதையோ சொருகியிருந்தாள். என்னைப் பார்த்தாள். வேனில் ஏறிப் போய்விட்டாள்.

ஆவணி 7, சனி

மாடு தும்பை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. தேடிப் பிடித்துக் கட்டினேன். நல்லவேளை, ஒரு வேலை கிடைத்தது.

ஆவணி 8, ஞாயிறு

ஜீவிதா ஸ்கூட்டியில் தனியாக வந்தாள். செருப்பை விட்டுவிட்டு நேராக அடுப்படிக்கு வந்து, வாடிப்போன பொட்டலத்தை அம்மி மேல் வைத்துப் பிரித்தாள்.

"எதுக்குங்க அப்பத்தா ரெண்டும் சிவப்பு?"

நான் கரண்டியைக் கழுவினேன்.

"எங்க சித்தி தாயத்துக் கட்டணும்கறா. எங்கம்மா ரெண்டு நாளாச் சாப்பிடல. கடைக்குப் போனா மொதலாளி சம்சாரம் பாவமாப் பாக்கறாங்க. நான் இதை யாருகிட்டயும் காட்டல. முதல்ல உங்களைக் கேக்கலாம்னு வந்தேன். பேரனுக்கு என்னைப் புடிக்கலைன்னா நேரா சொல்லுங்க. சாமியை எதுக்கு இழுக்கறீங்க?"

"அம்மிணி, உக்காரு."

"நின்னுக்கறேங்க."

எனக்குத்தான் நிற்க முடியவில்லை. அலமாரியிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"இது சக்கரை மாத்திரை இல்ல."

"தெரியுங்க."

"என்ன தெரியும்?"

"சக்கரை மாத்திரை அட்டையில வரும். இப்படிப் பெரிய டப்பாவுல வராது. உப்புச் சர்க்கரைக்கு வந்த அன்னைக்கே பாத்தேன். எச்.ஐ.வி.க்குக் குடுக்கற கூட்டு மருந்து." குரல் கொஞ்சம் இறங்கிற்று. "அது உங்க விஷயம். நீங்க சொல்லாம நான் எதுக்குக் கேக்கறதுன்னு இருந்துட்டேன். அதுக்காக நான் வேண்டாம்னு சொல்லலையே."

தெரிந்தே இந்த வீட்டுக்கு வரச் சம்மதித்திருக்கிறாள். நான் அலமாரி அழுக்கு என்று நினைத்துச் சங்கடப்பட்டேன்.

பூபதியைக் கூப்பிட்டேன். வந்து நிலைப்படியில் நின்றான், உள்ளே வரவில்லை. அவனிடம்தான் முதலில் சொன்னேன். "உங்க தாத்தனுக்கு டி.பி. இல்லடா. இந்த நோய்தான். அவருக்கும் ஊருக்கு ஒருத்தி இல்ல. ஒரே ஒருத்திதான். அவளும் சோறாக்கிப் போட்டவதான். அவருக்கும் நம்பிக்கைதான். எனக்கு வந்தது அந்த நம்பிக்கையிலதான். தெரிஞ்சவங்க தெரியாதவகிட்டச் சொல்லல, அதனால வந்துச்சு." மாமியார் பேரைச் சொல்லவில்லை. படத்தைக் கையால் காட்டினேன். அவன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பூ ஏன் போடுவதில்லை என்று இனிமேல் கேட்கமாட்டான்.

"இப்ப நீ சொல்லு. நான் உன் சார்பாச் சொல்லமாட்டேன்."

சொன்னான். நாகவேணியைச் சொன்னான், ரொட்டியைச் சொன்னான், ஆனி மாசத்தைச் சொன்னான், இல்லை என்று வந்ததைச் சொன்னான், மூணு மாசத்தைச் சொன்னான். குரல் உடைந்து உடைந்து வந்தது. ஜீவிதா அழுவாள் என்று நினைத்தேன். அம்மிக்கல்லை விரலால் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லலாம்னு இருந்தீங்களா?"

நிலைப்படியை நகத்தால் சுரண்டினான்.

"இல்ல, சொல்லவே வேண்டாம்னு இருந்தீங்களா?"

வாடின பொட்டலத்தை மடித்தாள்.

"அந்த நாகவேணி உங்களுக்கு யாரு? அவங்க சொன்னாங்கல்ல. நீங்க எனக்கு யாரு?"

அவன் உட்கார்ந்துவிட்டான், நிலைப்படியிலேயே. சின்ன வயதில் அவன் அப்பன் பஸ் ஏறின அன்றைக்கு உட்கார்ந்த மாதிரி. எனக்கு எழுந்து போய்த் தலையைத் தடவ வேண்டும் போல இருந்தது. போகவில்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். "என்னைக் காப்பாத்தத்தான் பண்ணுனீங்க. சரி. ஆனா ராசி இல்லாதவன்னு பேர் எனக்கு. பொட்டலம் கட்டுனது நீங்க. நீங்களே வந்து சொல்லுங்க."

"சொல்றேன் அம்மிணி."

"எங்கம்மா வாய் தெரியும்ல?"

"தெரியும்."

ஆவணி 9, திங்கள்

மணிமேகலை வீட்டுக்குப் போனேன். மேலே பார்த்தேன். காங்கிரீட். ஓரத்தில் ஒழுகின கறை இருக்கிறது.

சித்திக்காரியையும் வரச் சொன்னேன். ரெண்டு பொட்டலத்திலும் சிவப்பு வைத்தது நான் என்றேன். பிள்ளை ராசியில் ஒரு குறையும் இல்லை, என் பேரன் போகக்கூடாத இடத்துக்குப் போய்விட்டு வந்திருக்கிறான், ஒரு ரத்தப் பரிசோதனை பாக்கி இருக்கிறது, அதற்காகச் செய்தேன் என்றேன். என்னைப் பற்றியும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே அன்னியமாகக் கேட்டது.

மணிமேகலை கேட்ட கேள்விகளை இங்கே எழுதமாட்டேன். யார் என்ன சொன்னாலும் மறக்காமல் எழுதி வைக்கிறவள் நான். இதை மட்டும் எழுதவில்லை. அவள் பெண்ணைப் பெற்றவள், அவள் கேட்கலாம்.

சித்திக்காரி என்னைப் பார்த்து நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அது எழுதியாயிற்று.

புரட்டாசி 11, சனி

ஊரில் பேச்சு. கடையில் சில்லறையைக் கையில் தராமல் பலகையில் வைத்தான். நானும் பலகையிலேயே வைத்தேன்.

பூபதி வண்டிக்குப் போயிருக்கிறான். கிளம்பும்போது கேபினில் அந்த டப்பாவை வைத்துவிட்டு, "இனி எங்கயும் போகமாட்டேன் அப்பத்தா, இருந்தாலும் இருக்கட்டும்" என்றான். இருந்தாலும் இருக்கட்டும் என்கிறவனை நம்பலாம். சத்தியம் பண்ணினால்தான் பயம்.

ஐப்பசி 4, திங்கள்

இன்றைக்கு ரெண்டாம் பரிசோதனை. மழைத் தூறல்.

ஜீவிதாவும் வந்தாள், தன் ஸ்கூட்டியில். அவனுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை, எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவன் வாயை மூடிக்கொள்ளவில்லை, தொப்பியும் இல்லை. நான் உட்காரவேயில்லை. வராண்டாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். "ஏனுங்கம்மா, தரை தேயப் போகுது" என்றார் காவல்காரர்.

எஸ்தர் ரெண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டாள். கதவு சாத்தினாள். திறந்தாள்.

இல்லை.

பூபதி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தேம்பினான். ஜீவிதா பெருமூச்சு விட்டாள், கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"நல்லதுங்க. உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு எனக்கும் சந்தோசம். ஆனா கல்யாணத்துக்கு இன்னும் நான் சரின்னு சொல்லல. தை வரைக்கும் கேக்காதீங்க."

"கேக்கல" என்றான்.

"நீங்களும் அப்பத்தா."

"நான் எதுக்குக் கேக்கறேன்? உன் இஷ்டம்."

போகும்போது என் கையைப் பிடித்துவிட்டுப் போனாள். எல்லார் முன்னாலும்.

பூபதியின் போனை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வேப்பமரத்தடிக்குப் போனேன். நாகவேணி உடனே எடுத்தாள்.

"அவன் அப்பத்தா பேசறேன். அவனுக்கு இல்லை."

அந்தப் பக்கம் அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. "தேவரே" என்று கன்னடத்தில் சாமியைக் கூப்பிட்டாள். "கல்யாணம்?"

"தெரியாது. அந்தப் பொண்ணுக்கு எல்லாம் தெரியும். அது போதும். நீ மருந்து ஆரம்பிச்சியா?"

"ஆரம்பிச்சேன் அம்மா. தலை சுத்துது, கெட்ட கெட்ட கனவு. நாலு நாளா விட்டுட்டேன்."

"விடக்கூடாது. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் விட்டுட்டேன்னு சொல்லு, வையமாட்டாங்க. மாத்திரை போட்டதும் நடமாடாம படுத்துக்க. எனக்கும் முதல்ல சுத்துச்சு, போகப் போகச் சரியாயிருச்சு."

"உனக்கா அம்மா?"

"எனக்குத்தான்."

நம்பரை என் போனில் ஏற்றிக்கொண்டு வந்தேன். எட்டு மணிக்குக் கூப்பிட்டேன். எடுத்தாள். போய்ச் சொன்னாளாம், மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார்களாம். ரெண்டு பேரும் போட்டோம். அவள் தண்ணீர் குடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

வீட்டுக்காரர் படத்துக்குக் கனகாம்பரம் போட்டேன். மாமியாருக்கு இன்றைக்கும் ஆணி எட்டவில்லை.